மாடிக்கு வெள்ளை

ஓட்டு வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டதிலிருந்து அம்மாவுக்கு ஒரே புலம்பல். "ராத்திரி பத்து மணிக்கும் தளம் அனலா கக்குதுடா." சரிதான். பகலெல்லாம் வாங்கி வைத்த வெயிலை, நாம் படுக்கும் நேரம் பார்த்துத் திருப்பித் தருவதுதான் கான்கிரீட்டின் குணம்.

இந்த வருடம் சித்திரைக்கு முன்பே மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீர் ஊற்றித் தாளித்து, துணியில் வடிகட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, இரண்டு கை. முதல் கை அடித்ததும் 'ஒன்றுமே பிடிக்கவில்லையே' என்று பதறினேன். ஈரத்தில் அப்படித்தான், காயக் காயத்தான் வெளுக்கும். இப்போது மதியத்தில் கூலிங் கிளாஸ் இல்லாமல் மேலே நிற்க முடியவில்லை. அந்த வெளிச்சமெல்லாம் முன்பு சூடாக வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது!

மழையில் கரையும், வருடாவருடம் அடிக்க வேண்டும். அது ஒரு தொல்லைதான். புதிதாகக் கட்டுகிறவர்கள் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறையைப் பாருங்கள். தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பதிலாக ஆங்காங்கே இரண்டிரண்டு ஓடுகளைச் சேர்த்து வைப்பார்கள். நடுவில் மாட்டிய காற்று சூட்டை எளிதில் இறங்க விடாது. சிமென்ட்டும் கம்பியும் மிச்சம்.

நேற்று மதியம் அம்மா ஃபேனுக்கு நேர்கீழே படுக்காமல் சுவரோரம் பாய் விரித்துத் தூங்கினாள். துணி காயப்போட்டுவிட்டு வந்தால் மட்டும் காலெல்லாம் வெள்ளை.