மயிரிழை வெடிப்பில்லாத சந்து: பெட்டிக் கல்லறையில் சுண்ணாம்புச் சாந்து

கல்லறைத் தோட்டத்துப் பெட்டிக் கல்லறையில் (கற்பலகைகளைப் பெட்டிபோல் நிறுத்தி மேல்கல் வைத்து மூடியது) சுண்ணாம்புச் சாந்து பூசி முடித்த இரண்டு பக்கங்களும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் சந்துகளில், அதாவது கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து அடைத்த இடைவெளிகளில், மயிரிழை வெடிப்பு இல்லை. கல்லின் ஓரத்தை விட்டுச் சாந்து விலகவும் இல்லை. அதே சுண்ணாம்பில் போட்ட சோதனைப் பட்டைகள் பல, காய்ந்ததும் ஓரம் விட்டுப் பிரிந்தவை. மாறியது மணலை அளந்த விதமும், பூசிய பிறகு மூடி வைத்த விதமும்தான். ஆகவே இங்கே மணல் பேச்சுதான் அதிகம் இருக்கும்.

அனுமதி, அளவுகோல் வைத்த படங்கள், கம்பித் தூரிகைக்குத் தடை இவையெல்லாம் இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்தவை. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்: பக்கப் பலகை ஆடினால் சந்தில் கை வைக்காதீர்கள். பெட்டியின் உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்தான். மெல்லிய பலகைகளை இரும்புப் பற்றுகள் பிடித்து நிற்கும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடம் கேட்கும். மூலைக்கல் பிளப்பது அதனால்தான். அந்த நிலையில் சந்தை அடைத்தால் உள்ளே நடப்பது வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான். மேல்கல் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனம் என்றால் எடை அரை டன். நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள்.

முதலில் பழைய சிமெண்ட். எப்போதோ யாரோ நல்லெண்ணத்தில் அப்பிவிட்டுப் போனது. மணற்கல்லைவிட அது கடினம், ஈரத்தையும் வெளியே விடாது. அதனால் ஈரம் கல் வழியாகவே ஆவியாகும். கூடவே வரும் உப்பு கல்லுக்குள் படிகமாகி மேற்பரப்பை உரிக்கும். சிமெண்ட் பட்டை அப்படியே நிற்க, இருபுறமும் கல் குழிந்திருப்பதைப் பார்த்தால் காரணம் இதுதான். கிரைண்டரைக் கொண்டுவர வேண்டாம். செங்குத்துச் சந்தின் முனையில் வட்டத் தகடு சந்தைத் தாண்டிக் கல்லுக்குள் வெட்டிவிடும். அந்தக் கீறலை எதைக் கொண்டும் மறைக்க முடியாது. சந்தின் நடுவில் 5 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டு, ஒல்லி உளியால் நடுவிலிருந்து இரண்டு ஓரங்களையும் உள்நோக்கி உடைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். கல்லின் விளிம்பும் சேர்ந்து பெயர்கிறதென்றால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவது நல்லது. சந்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் கிடைக்க வேண்டும்; குறைந்தது 20 மி.மீ.

சுண்ணாம்பு, என்.எச்.எல். 3.5. என்.எச்.எல். என்றால் இயற்கை ஹைட்ராலிக் சுண்ணாம்பு, தண்ணீரோடு சேர்ந்தே இறுகத் தொடங்கும் வகை. கல் மிகவும் மென்மையாக இருந்தால் என்.எச்.எல். 2 போதும். அந்த எண் 28 நாளில் கிடைக்க வேண்டிய குறைந்தபட்ச அமுக்க வலிமை, மெகாபாஸ்கலில். 5 என்று எழுதியிருப்பதைத் தரம் உயர்ந்தது என்று நினைத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கல்லறைக் கல்லுக்கு அது பெரும்பாலும் தேவையில்லாத கடினம்.

வாங்கும்போது இன்னொரு எரிச்சல். ‘ஹைட்ராலிக் சுண்ணாம்பு’ என்று மொட்டையாக எழுதிய மூட்டையும் என்.எச்.எல். மூட்டையும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஐரோப்பியத் தரமான ஈ.என். 459-1-இன்படி என்.எச்.எல். என்பதில் வேறெதையும் கலக்கக் கூடாது, வெறும் எச்.எல். என்பதில் சிமெண்ட் இருக்கலாம். விற்பவரிடம் கேட்டால் ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்பார். மூட்டையின் பின்பக்கத்தை நீங்களே படியுங்கள். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். ஈரம் குடித்த மூட்டையில் விரலால் உடையாத கட்டிகள் இருக்கும். சலித்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனையே வேண்டாம்.

இனி மணல். உருண்டை மணி கூடாது. கையில் தேய்த்தால் கரகரவென்று குத்த வேண்டும். சிறிய மணியிலிருந்து பெரிய மணிவரை கலந்திருக்க வேண்டும், பெரிய மணி சந்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 9 மி.மீ. சந்துக்கு 3 மி.மீ. சல்லடை. கடல் மணல் உப்புக்காகவே வெளியே. வண்டல் சோதனை எல்லாரும் செய்வதுதான்: கண்ணாடிக் குப்பியில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வைப்பது. மேலே படியும் வண்டல் மணலின் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் கழுவாமல் தொடுவதில்லை.

பலர் விட்டுவிடுவது வெற்றிடச் சோதனை. எலும்பு போல் காய்ந்த மணல் 1 லிட்டர் எடுத்து, தட்டிச் சமன் செய்து, அளவுக் குவளையிலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மணலின் மேற்பரப்பில் தண்ணீர் மினுங்கும்போது நிறுத்தி, எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். அதுதான் மணிகளுக்கு இடையே உள்ள காலி இடம். அந்த அளவு சுண்ணாம்பு வேண்டும். 330 மி.லி. இறங்கினால் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். 400 மி.லி. இறங்கினால் ஒன்றுக்கு இரண்டரை. புத்தகத்தில் 1:3 என்று இருக்கிறதே என்று இரண்டாவது மணலிலும் அதையே போட்டால் சாந்தில் ஓட்டை விழும், மழையில் பொடியாகும்.

இதைச் சரியாகச் செய்தவர்களையும் கவிழ்ப்பது ஈரம். சற்றே நனைந்த மணல் உப்பிப் பெரிதாகும். மணிகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் அவற்றைத் தள்ளி நிறுத்துவதால் கன அளவு 20 முதல் 30 சதவீதம்வரை கூடிவிடும். மணல் பொடியாக இருந்தால் இன்னும் அதிகம். காலையில் பனியில் நனைந்த குவியலிலிருந்து வாளியால் இரண்டரை அளந்தால் உண்மையில் வந்தது இரண்டுதான். கலவை கொழுத்துப்போகும், அதாவது மணலுக்கு மிஞ்சிய சுண்ணாம்பு சேர்ந்துவிடும். கொழுத்த கலவை குழைய அருமையாக இருக்கும், கரணையில் வெண்ணெய் மாதிரி வழுக்கும், காய்ந்ததும் சுருங்கி ஓரம் விடும். சோதனைப் பட்டைகளில் பிரிந்தவையெல்லாம் ஈர மணலில் அளந்தவை; உலர் மணலில் போட்டவை தாங்கின. தேவைப்படும் மணலை முன்கூட்டியே தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்து, மூடியுள்ள வாளியில் எடுத்து வைப்பதுதான் வழி. மண்வெட்டியால் அளப்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

அளவுக் கணக்கு எளிது. 10 மி.மீ. அகலம், 25 மி.மீ. ஆழம் என்றால் ஒரு மீட்டர் சந்துக்கு கால் லிட்டர். சுண்ணாம்பு மணலின் இடுக்குகளுக்குள் போய்விடுவதால் 1 பங்கு சுண்ணாம்பும் இரண்டரைப் பங்கு மணலும் சேர்ந்தால் இரண்டரைப் பங்குக்குச் சற்று மேல்தான் சாந்து கிடைக்கும். இதை மறந்தால் கடைசி ஒரு முழச் சந்துக்குச் சாந்து பற்றாது, அடுத்த கலவையின் நிறம் ஒத்து வராது.

உலர்ந்தே நன்றாகக் கலந்துவிட்டுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். முதலில் பொலபொலவென்று இருக்கும். தண்ணீர் போதவில்லை என்று கை பரபரக்கும். பொறுங்கள். 10 நிமிடம் பிசைந்து, 10 நிமிடம் ஆறவிட்டு, மறுபடி பிசைந்தால் தானாகவே இளகும். கரணையைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டியிருந்தால் பதம் சரி. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் வாளி அருகில் விடாதீர்கள். சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும்.

கல்லை முந்தைய மாலையே நனைத்து, பூசுவதற்கு முன் மறுபடி நனைக்க வேண்டும். மணற்கல் நிறையக் குடிக்கும், கருங்கல் குடிக்காது. மேலே நீர் பளபளத்தால் சாந்து பிடிக்காது. ஈரம் தெரிய வேண்டும், மினுமினுப்பு தெரியக் கூடாது. சந்தைவிட ஒல்லியான கரணையால் உள்ளே தள்ளி அழுத்துங்கள். ஒரு தடவைக்கு 15 முதல் 20 மி.மீ. ஆழம் போதும், மீதி அடுத்த அடுக்கு. மேலே இழுத்து மழமழப்பாக்குவது கண்ணுக்கு அழகு, சாந்துக்குக் கேடு: சுண்ணாம்பு மேலே திரண்டு தோல் கட்டிவிடும், உள்ளே காற்று போகாது. கட்டைவிரல் பதியாமல் நகம் மட்டும் பதியும் நேரம் பார்த்து, விறைத்த நார்த் தூரிகையின் நுனியால் குத்திக் குத்தித் தட்டுங்கள். சுருக்க வெடிப்பு தொடங்கியிருந்தால் அதிலேயே மூடிக்கொள்ளும், மணல் மணியும் வெளியே தெரியும். அந்த நேரம் எப்போது வரும் என்பதற்குக் கடிகாரக் கணக்கு கிடையாது. பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பிறகு மூடுவது. வெயிலைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. ஈரச் சணல் சாக்கைத் தொங்கவிட்டு, அதன் வெளியே பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பு கல்லில் ஒட்டக் கூடாது. குறைந்தது ஒரு வாரம், மென்தூறல் போடும் தெளிப்பானால் சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சுண்ணாம்பில் ஒரு பகுதி தண்ணீரோடு சேர்ந்து இறுகும்; மீதி காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் மறுபடி சுண்ணாம்புக் கல்லாகும், இரண்டுக்கும் ஈரம் வேண்டும். சீக்கிரம் காய்ந்தது இறுகியது ஆகாது. சந்தேகம் இருந்தால், கூடவே வார்த்து வைத்த சோதனைக் கட்டியை உடைத்துப் புதிய முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் (காரம் பட்டால் நிறம் மாறும் திரவம்) ஒரு சொட்டு விடுங்கள். இளஞ்சிவப்பாகும் பகுதி இன்னும் மாறாதது. ஓரத்தில் நிறமில்லாத மெல்லிய வளையம் இருந்தால் வேலை நடக்கிறது.

வடக்குப் பக்கமும் மேல்கல்லின் அடிச்சந்தும் பாக்கி. அதற்குள் பக்கத்திலிருக்கும் வெள்ளைப் பளிங்குப் பலகைமேல் எல்லாருக்கும் கண். மேலே கறுப்புப் படலம், நடுவில் தடித்த கற்பாசி. வெறும் தண்ணீரும் மென்தூரிகையும் வைத்துக் கீழிருந்து மேலாகத் தொடங்கி, போகாததற்கு மட்டும் குவாட்டர்னரி அம்மோனியம் வகைப் பாசிக்கொல்லி. சில கற்கள் அதில் ஆரஞ்சு நிறமாக மாறும். பதற வேண்டியதில்லை, நாளடைவில் மங்கிவிடும். அமிலமும் வெளுப்பு நீரும் பளிங்கின் பக்கமே வரக் கூடாது. கற்பாசியை உயிரோடு சுரண்டினால் பளிங்கு மணியும் கூடவே வரும்; செத்துக் காய்ந்த பிறகு மரக்குச்சியால் எடுப்பதே வழி. பாசிக்கொல்லி அடிக்கும் முன் அந்தப் பாசி அரிய வகையா என்று தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பலகையின் இடது விளிம்பைத் தடவினால் சர்க்கரைபோல் உதிர்கிறது. அந்தப் பகுதியைத் தூரிகையாலும் தொடப்போவதில்லை. எழுத்தைப் படிக்கக் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிப் படம் எடுத்தால் போதும். வடக்குப் பக்கத்துக்கான மணல் இப்போது தார்ப்பாயில் காய்கிறது.