ஏற்காட்டு வேலை: சில நாட்குறிப்புகள்

மார்ச் 24, ஏற்காடு

சேகோ (ஜவ்வரிசி) ஆலையின் ஆய்வகத்தை விட்டுக் காபி எஸ்டேட்டுக்கு வந்ததற்குச் சம்பளம் ஒரு காரணம். பதப்படுத்தும் பிரிவின் தரப் பொறுப்பு முழுவதும் என்னுடையது என்று நேர்காணலில் சொன்னது அதைவிடப் பெரிய காரணம். ஆனால் அராபிகாப் பழப் பறிப்பு நவம்பர் வாக்கில் தொடங்கிப் பிப்ரவரியோடு ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது. நான் வந்து சேர்ந்தபோது, பழத்தைத் தோலெடுக்கும் பல்பர் இயந்திரத்தைக் கழுவி மூடிவைத்திருந்தார்கள். களத்தில் ஒரு கொட்டைகூட இல்லை. அடுத்த பறிப்பு வரை என் வேலை என்ன என்று மேலாளரிடம் கேட்டேன். தோட்டத்தில் வேலைக்கா பஞ்சம் என்று சிரித்தார். இப்போதைக்கு ஆள் கணக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 11

கோடை மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் காபி பூத்துவிடும் என்றார்கள்; அப்படியே பூத்திருக்கிறது. இந்தப் பூ பழுக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். இடையில் அடுத்த மழை உரிய நேரத்தில் வந்தால்தான் பிஞ்சு நிலைக்கும். ஆலையில் நான் பழகிய காலக்கணக்கே வேறு. லாரியில் வரும் குச்சிக்கிழங்கில் (மரவள்ளியில்) மாதிரி எடுத்து, காற்றில் ஓர் எடை, தண்ணீரில் ஓர் எடை என்று போட்டால் கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று காட்டும் பாயிண்ட் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பாயிண்ட்டை வைத்தே விலை என்பதால், குறைந்தால் விவசாயி அங்கேயே நின்று சண்டை பிடிப்பார். கிழங்கை அரைத்து எடுத்த மாவுப் பால் தொட்டியில் படிந்து மறுநாள் காட்டும் வெண்மையே முந்தைய நாள் வேலைக்கு மதிப்பெண்.

மேஸ்திரி இன்று ஒரு செடியின் தண்டைத் தடவிக் காட்டினார். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்து போகும். வெளியே தெரிவது மெல்லிய மேடு மட்டுமே. நிழல் குறைந்து வெயில் விழும் பாத்திகளில்தான் அது அதிகம் என்பதால், மர நிழலைப் பார்த்துவிட்டே எந்தச் செடியைத் தடவுவதென்று அவர் முடிவு செய்கிறார். என் விரலுக்கு அந்த மேடு தட்டுப்படவில்லை. பத்து வருஷம் பார்த்தால் கை தானாகக் கண்டுபிடிக்கும் சார் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், ஆனால் பத்து வருஷம் கழித்து அந்தக் கை எனக்கு வேண்டுமா என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது.

மே 27

கோடை விழாக் கூட்டம். எஸ்டேட் விடுதி அறைகளின் சாவி, தண்ணீர் லாரி, ஜெனரேட்டர் எல்லாம் என்னிடம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்த கதையை விருந்தினர்களுக்குச் சொல்வதும் தரப் பொறுப்பில் சேர்ந்துவிட்டது.

ஜூலை 6, சேலம்

எனக்கு முன்னால் இதே பதவியில் இருந்தவரைச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு டீக்கடையில் சந்தித்தேன். சேர்வதற்கு முன் ஒரு ஃபோன் போட்டிருக்கலாமே தம்பி என்றுதான் பேச்சைத் தொடங்கினார். பறிப்புக் காலத்தில் அந்த வேலை உண்மையிலேயே நல்ல வேலை என்றும், பழத்தைத் தோலெடுத்து, ஊறவைத்துக் கழுவி, ஈரப்பதம் பத்து விழுக்காடு அளவுக்கு இறங்கும் வரை களத்தில் காயவைக்கும் நாட்களில் தூக்கம்கூட மறந்துவிடும் என்றும் சொன்னார். மற்ற மாதங்களைப் பற்றிக் கேட்டேன்; சாவிக்கொத்தை ஆட்டுவதுபோல் கையை ஆட்டினார்.

யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான்கு மாத வேலையைப் பன்னிரண்டு மாதப் பதவியாக விவரித்தார்கள், அவ்வளவுதான். அந்த நான்கு மாதம் உண்மையாக இருப்பதால்தான் விவரிப்பவருக்கும் கேட்பவருக்கும் அது முழுமையாகத் தோன்றுகிறது. ஒரு வருடமாவது தாக்குப்பிடித்தால்தான் பயோடேட்டாவில் கௌரவமாக இருக்கும் என்கிறார் மாமா. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆய்வகத்தை விட்டு விலகி இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அடுத்த முதலாளி விளக்கம் கேட்பார். சாவிக்கொத்தைப் பற்றி ஒன்பது மாதத்துக்கு விளக்கம் சொல்வதைவிட நான்கு மாதத்துக்குச் சொல்வது எளிது. மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரில் சொல்லிவிடலாம் என்பது அம்மாவின் யோசனை. காற்றின் மேல் ஏன் பழி போட வேண்டும்? ஏற்காட்டில் குறை சொல்ல முடியாத ஒரே விஷயம் அதுதான்.

செப்டம்பர் 14, ஆத்தூர்

இங்கே ஒரு மாவு ஆலையில் நேர்காணல். கிழங்கு வரத்து இல்லாத மாதங்களில் ஆய்வகம் என்ன செய்யும், இந்த இடம் ஏன் காலியானது, பாயிண்ட் தகராறில் கடைசிச் சொல் என்னுடையதா கொள்முதல் பிரிவினுடையதா என்று நான்தான் அதிகம் கேட்டேன். மூன்றாவது கேள்வியில் முதலாளியின் முகம் சற்று மாறியது. ஆனாலும் மழுப்பாமல், கொள்முதல் பிரிவினுடையது என்றார். எனக்குப் பிடிக்காத பதில்தான். இருந்தாலும் அது சேரும் முன்பே தெரிந்துவிட்டதில் ஒரு நிம்மதி.

முன்பு இந்த வேலையில் இருந்தவர் வெளிநாடு போய்விட்டாராம். அவருக்குப் பதிலாக எடைமேடைக்காரரிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். தை, மாசியில் லாரிகள் சாலை வரை வரிசை கட்டும்போது ஆய்வகத்தில் ஒரே ஆள்தான் நிற்பார், மாதிரி எடுக்காமலே முந்தைய லாரியின் பாயிண்ட்டை எழுதிவிடச் சொல்வார்கள் என்று அவர்தான் சொன்னார். சம்பளம் எஸ்டேட்டைவிடக் குறைவு; அதைப் பற்றிப் பேரம் பேசவில்லை. அந்த இரண்டு மாதமும் ஆய்வகத்துக்கு இன்னோர் ஆள் தருவதாக எழுத்தில் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.