புல்லாணியில கேட்ட காதல் பாட்டு

போன மாசம் அத்தையக் கூட்டிக்கிட்டு திருப்புல்லாணி போயிருந்தேன். ராமநாதபுரத்துல இருந்து பத்து கிலோமீட்டர் இருக்கும், பஸ் ஏறுனா ரெண்டு பக்கமும் பனைமரமா வரும். டிரைவர் ஒரு பழைய சினிமாப் பாட்டு போட்டாரு. பொம்பளைக் குரல், வர்றேன்னு சொல்லிட்டுப் போனவன் இன்னும் வரலயே, நான் இங்கயே நின்னு உருகிக்கிட்டு இருக்கேன்னு பாடுறது. காலேஜ் நாள்ல இருந்தே அந்தப் பாட்டுன்னா எனக்கு உசுரு.

ஆனா அது கோயிலுக்குள்ளயும் கூடவே வந்துருச்சு. ஆதி ஜெகந்நாதப் பெருமாள் முன்னாடி கைகூப்பி நிக்கிறேன், வாயில நாமம் வரல, மனசுக்குள்ள அந்தப் பல்லவிதான் சுத்திச் சுத்தி ஓடுது. பெரிய தப்பு பண்ணிட்ட மாதிரி நெஞ்சு அடிச்சுக்கிச்சு. வெளிய அரசமரத்தடி நாகர்கிட்ட உக்காந்தப்ப அத்தைகிட்ட சொல்லிட்டேன்.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? ஆழ்வாரு இந்த ஊருக்குப் பாடுனதும் அதே பாட்டுதானப்பா"ன்னாங்க.

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில புல்லாணிக்கு இருபது பாசுரம் பாடிருக்காரு, அத்தைக்கு பாதி மனப்பாடம். வாள் புடிச்ச மனுசன், குறுநில மன்னன், அவரு இங்க பரகால நாயகின்னு பொண்ணாவே ஆயிட்டாரு. "என்னை நைவித்து எழில் கொண்டு அகன்ற பெருமான்"னு பாடுறாரு, அதாவது என்னைய வாட விட்டுட்டு என் அழகையும் தூக்கிக்கிட்டுப் போயிட்டானே, அவன் இருக்குற ஊரு இதுதான்னு. அப்புறம் மனசப் பாத்து "தொழுதும் எழு"ங்குறாரு, எந்திரி, போய்க் கும்புடுவோம்னு. பனைமரத்துல கத்துற அன்றில் பறவையோட குரல் கூட வேல் மாதிரி குத்துதுன்னு இன்னொரு பாட்டு. நாங்க வந்த வழியெல்லாம் அதே பனைதான, கேக்கக் கேக்க எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு.

சரி, அந்தப் பொண்ணு நான்தான், போனவன் பெருமாள், அப்படித்தான் அர்த்தம்னு சந்தோசமா திரும்ப உள்ள போனேன்.

தர்ப்பசயன ராமர் சன்னதி. கடலரசன் வழி விடணும்னு தர்ப்பைப் புல்லுல மூணு நாள் படுத்துக் கிடந்தாருல்ல, அந்தக் கோலம். சீதை அக்கரையில, இவரு இக்கரையில. எல்லாத்தையும் காக்குற சாமி, அவரும் காத்துக்கிட்டுத்தான் கெடக்காரு. அதப் பாத்துக்கிட்டு நிக்கிறப்ப பாட்டு மறுபடி ஓடுச்சு, ஆனா இந்தத் தடவ பாடுறது நான் இல்ல.

ஏன்னா ஆறு வருசத்துக்கு முன்னாடி நானும் வீட்டுக்காரியும் இங்க வந்தோம். குழந்தை இல்லாதவங்களுக்கு இந்தக் கோயில்ல பாயசம் குடுப்பாங்க, தசரதர் புத்திர பாக்கியத்துக்கு வேண்டிக்கிட்ட இடம்னு ஐதீகம். அந்தப் பாயசத்த வாங்கிச் சாப்புட்டுட்டு, புள்ள பொறந்தா தூக்கிக்கிட்டு வர்றோம் சாமின்னு ரெண்டு பேரும் அழுதுகிட்டே சொன்னோம். பாப்பாவுக்கு இப்ப அஞ்சு வயசு, ஸ்கூல் லீவு இல்ல, வேல இருக்கு, அடுத்த மாசம் பாப்போம்னே வருசம் ஓடிருச்சு. வர்றேன்னு சொல்லிட்டு வராம இருந்தது நான்தான். அந்தப் பல்லவிய இத்தன நேரமா அவரு பாடிக்கிட்டு இருந்தாரு, எனக்குத்தான் காது கேக்கல. அங்கயே தேம்பித் தேம்பி அழுதுட்டேன், அத்தை ஒண்ணும் கேக்கல, முதுகத் தடவிக் குடுத்தாங்க.

அப்புறம் ஆட்டோ புடிச்சு சேதுக்கரை போனோம், நாலஞ்சு கிலோமீட்டர்தான். அங்க ஆஞ்சநேயர் கடலப் பாத்தபடி நிப்பாரு. அத்தை தண்ணியில இறங்கி தலையில தெளிச்சுக்கிட்டாங்க. நான் கரையில நின்னு வீட்டுக்குப் போன் போட்டேன், வர்ற ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை எடுத்து வைன்னு சொன்னேன். எங்கன்னு கேட்டா. புல்லாணிக்குன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "நானே கேக்கணும்னு இருந்தேங்க"ன்னா.