இரண்டு பியர் கணக்கு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான்: லைசென்ஸை தற்காலிகமாக நிறுத்தும் சஸ்பென்ஷன் வேறு, ரத்து வேறு. சஸ்பென்ஷனுக்கு முடியும் தேதி உண்டு. அன்று கட்டணத்தைக் கட்டினால் லைசென்ஸ் கைக்கு வரும். ரத்தானால், காலம் முடிந்தாலும் லைசென்ஸ் தரும் மாநிலச் செயலர் அலுவலகத்தின் ஹியரிங்கில் (விசாரணையில்) தேறினால்தான் உண்டு. வேலைக்குப் போக மட்டும் கட்டுப்பாட்டோடு பெர்மிட் கேட்பவர்களும் பெரும்பாலும் இதே வாசலில்தான் நிற்க வேண்டும்.

ஒரே ஒரு குடிபோதை வழக்கு, உயிரிழப்பும் இல்லை என்றால் முறைசாரா ஹியரிங் போதும். கட்டணம் கிடையாது. அதிகாரி எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பார், முடிவு பிறகு தபாலில் வரும். இரண்டாவது வழக்கு இருந்தாலோ, யாராவது இறந்திருந்தாலோ முறையான ஹியரிங்தான். எழுத்தில் விண்ணப்பித்து 50 டாலர் கட்ட வேண்டும். தோற்றாலும் அந்தப் பணம் திரும்பாது. சிகாகோ, ஜோலியட், ஸ்பிரிங்ஃபீல்ட், மவுண்ட் வெர்னன் ஆகிய ஊர்களில் நடக்கும். சத்தியப் பிரமாணம், ஒலிப்பதிவு, அலுவலகத் தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. 90 நாளுக்குள் தீர்ப்பு.

எந்த ஹியரிங் ஆனாலும் அதன் உயிர் மதுப்பழக்க மதிப்பீட்டு அறிக்கையில்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் பழையதென்றால் புதுப்பித்துக்கொண்டு போங்கள். அதில் உங்களைக் குறைந்த, மிதமான, கணிசமான, உயர்ந்த ஆபத்து என்று ஏதோ ஒன்றில் போட்டிருப்பார்கள். குறைந்ததற்கு 10 மணி நேர வகுப்பு. மிதமானதற்கு அதோடு 12 மணி நேர ஆரம்பநிலை ஆலோசனை. கணிசமானதற்கு 10 மணி நேர வகுப்போடு 20 மணி நேர சிகிச்சை. உயர்ந்ததற்கு 75 மணி நேர சிகிச்சை. முடித்த சான்றும் கையில் இருக்க வேண்டும்.

பலர் கவிழ்வது சான்று இல்லாமல் அல்ல, கணக்கு இடித்து. கைதான இரவில் மூச்சுச் சோதனை ரத்தத்தில் மதுவின் அளவை 0.16 என்று காட்டியிருக்கும், இவர் "ரெண்டு பியர்தாங்க" என்பார். 80 கிலோ ஆண் இரண்டு பியரில் சட்ட வரம்பான 0.08ஐக்கூடத் தொட மாட்டார், அது அதிகாரிக்கும் தெரியும். முந்தைய மதிப்பீட்டில் வாரம் ஒருமுறை என்று சொல்லிவிட்டு இப்போது மாதம் ஒருமுறை என்றால், பொய் என்றே எழுதிக்கொள்வார்கள். தெளிவான, நம்பவைக்கும் ஆதாரத்தோடு நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். ஆகவே போகுமுன் கைது அறிக்கை, பழைய மதிப்பீடுகள், சிகிச்சைக் குறிப்புகள் எல்லாவற்றையும் வரவழைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். முரண் இருந்தால் மதிப்பீட்டாளரிடமே திருத்த விளக்கம் எழுதி வாங்குங்கள். ஹியரிங் அறையில் சமாளிப்பது எடுபடாது.

"பிள்ளைகளைப் பள்ளிக்கு விட வேண்டும்" என்று கண் கலங்குவதும் அங்கே பெரிதாக உதவாது. பெர்மிட்டுக்குக் கஷ்டத்தைக் காட்டத்தான் வேண்டும். முதலாளியின் கடிதத்தில் வேலை நேரம், நாள், இடம் மூன்றும் இருக்கட்டும். ஆனால் இனி குடித்து ஓட்ட மாட்டார் என்று நம்பிக்கை வந்த பிறகே அந்தக் கடிதத்தைப் புரட்டுவார்கள்.

மறுத்துவிட்டால் முறைசாரா ஹியரிங்குக்கு 30 நாள், முறையானதற்கு 3 மாதம் கழித்து மறுபடி கேட்கலாம். முறையான ஹியரிங்கின் தீர்ப்பை எதிர்த்து சர்க்யூட் நீதிமன்றம் போக 35 நாள்தான். மறுப்பு ஆணையைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த முறை எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற பட்டியலே அதில்தான் இருக்கிறது.