கடைசி வகுப்பில் காலியாக இருந்த நாற்காலிகள்

மனைவிக்கு 30 வாரம் ஆனபோது, குழந்தையை எதிர்பார்க்கும் தம்பதிகளுக்கான வகுப்பில் சேர்ந்தோம். வாரம் ஒரு நாள், மொத்தம் 6 வாரம். வலி வந்தால் என்ன செய்வது என்ற பயம்தான் எங்களை அங்கே கொண்டுபோனது.

முதல் மூன்று வகுப்பும் பிரசவத்தைப் பற்றித்தான். பொய் வலி கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். உண்மையான வலி இடைவெளி குறைந்து, பலம் கூடிக்கொண்டே வரும். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும்வரை நேரம் குறிக்க வேண்டும். முதல் பிரசவத்தில், 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் 1 நிமிடம், இப்படியே 1 மணி நேரம் போனால் கிளம்பச் சொன்னார்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இதை எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

இடுப்புக்குக் கீழே உள்ளங்கையால் அழுத்திக் கொடுக்கவும் பழக்கினார்கள். "இன்னும் கொஞ்சம் கீழே... ஆங், அங்கதான்" என்று அவள் சொல்லச் சொல்லத்தான் இடம் பிடிபட்டது. பிரசவ அறையில் அவளால் பேச முடியவில்லை. கைக்கு இடம் தெரிந்திருந்தது.

தாய்ப்பால் வகுப்புக்கு அப்பா எதற்கு என்று சிலர் வரவில்லை. எனக்கு அங்கேதான் நிறைய வேலை இருந்தது. குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் வலிக்கும், பாலும் சரியாக வராது. வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும் தாயைவிடப் பக்கத்தில் இருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் கேட்கும், முதல் சில நாளில் எடை சற்றுக் குறைவது இயல்பு என்றும் சொன்னார்கள். 5 நாளுக்கு மேல் தினமும் 6 முறையாவது சிறுநீர் போகிறதா என்று எண்ணினேன். "பால் பத்தலை போலிருக்கே" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னபோது அவள் முகம் வாடியது. எண்ணி வைத்திருந்த கணக்கை நான் சொன்னேன்.

ஆறாவது வகுப்பில் பாதி நாற்காலிகள் காலி. சிலருக்கு அதற்குள் பிரசவமாகிவிட்டது, சிலருக்கு அலுத்துவிட்டது. செவிலியர் அன்று அழுகையைப் பற்றிப் பேசினார். முதல் வாரங்களில் கூடிக்கொண்டே போய் 6 வாரம் அளவில் உச்சத்துக்கு வரும், பிறகு மெல்லக் குறையும். பசி, ஈரம், காய்ச்சல் எல்லாம் பார்த்தும் சில அழுகைக்குக் காரணம் கிடைக்காது. பொறுக்க முடியாத கட்டம் வந்தால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, சில நிமிடம் வெளியே போய் நின்றுவிட்டு வாருங்கள். ஒருபோதும் குலுக்காதீர்கள், மூளையில் ரத்தம் கசிந்துவிடும் என்றார். ஐந்தாவது வாரம் நள்ளிரவு 2 மணிக்கு நான் அப்படித்தான் வெளியே போய் நின்றேன். உள்ளே அழுகை கேட்டது. மூச்சு சீரானதும் திரும்பிப் போய்த் தூக்கிக்கொண்டேன்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வையும் அன்றுதான் சொன்னார். முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. 2 வாரத்தைத் தாண்டியும் தொடர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், அப்பாக்களுக்கும் இது வரலாம் என்றார். பத்தொன்பதாம் நாள். குழந்தை தூங்கியும் அவள் தூங்கவில்லை. "எனக்கு இவன்மேல பாசமே வரலைங்க" என்றாள். "உனக்கா? அதெல்லாம் ஒண்ணுமில்ல, சரியாப் போயிடும்" என்று நான் சொல்லியிருப்பேன், அந்த வகுப்பு இல்லாவிட்டால் கட்டாயம் சொல்லியிருப்பேன். மறுநாள் காலையில் மருத்துவரிடம் போனோம். மனச்சோர்வுதான் என்றார். சிகிச்சை தொடங்கிச் சில வாரம் கழித்துத்தான் அவள் தூங்கினாள்.

சேரும்போதே கடைசி வகுப்பு எந்த வாரத்தில் வருகிறது என்று கேளுங்கள். 36 வாரத்துக்குள் முடிகிற மாதிரி முன்கூட்டியே தொடங்குங்கள். அந்த ஒரு நாளுக்கு இரண்டு பேரும் விடுப்பு எடுத்தாவது போய்விடுங்கள்.