வீட்டை ஈடு வைத்துக் கட்டிய விமானம்

வங்கியில் எதிரே உட்கார்ந்திருந்த கடன் அதிகாரி நல்ல மனிதர். "ஆர்வி-9ஏ வாங்கக் கடன் வேண்டும்" என்றதும் உற்சாகமாகக் கணினியில் தட்ட ஆரம்பித்தார்.

"எத்தனை பேர் படுக்கலாம்?"

"ரெண்டு பேர் உட்காரலாம். படுக்க முடியாது."

"கழிவறை உண்டா?"

"இல்லை."

"இழுத்துக்கொண்டு போவதா, தானே ஓடுவதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமெரிக்காவில் ஆர்வி என்றால் அடுப்பும் படுக்கையுமாக ஊர் சுற்றுகிற வண்டி. "தானே பறப்பது" என்றேன். தட்டுவதை நிறுத்திவிட்டார். அந்த வங்கியிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு வசந்தத்திலும் கேம்பர் வண்டிக் கடன் விளம்பரம் எனக்குத் தபாலில் வந்துகொண்டிருக்கிறது.

ஆர்வி-9ஏ என்பது ஆரெகன் மாநிலத்தில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் விற்கும் கிட். அலுமினியத் தகடுகள் பெட்டி பெட்டியாக வரும். நாமே ரிவெட் அடித்துக் கட்ட வேண்டும். முதலில் வால், பிறகு இறக்கை, பிறகு உடல், கடைசியில் ஃபினிஷ் கிட். எஞ்சின், புரொபெல்லர், மின்னணுக் கருவிகள் எல்லாம் தனி. இரண்டு பேர் அமரலாம். 2021-இல் ஒருவர் பாதியில் கைவிட்ட வாலையும் இறக்கைகளையும் 6,500 டாலருக்கு ரொக்கமாக வாங்கிக் கராஜில் இறக்கினேன். அவர் ஒரு தாளில் "பணம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் பின்னால் என்னைப் படுத்தியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வங்கி கைவிரித்ததும் விமானக் கடன் மட்டுமே கொடுக்கும் நிறுவனம் ஒன்றைக் கூப்பிட்டேன். பேசிய பெண்மணிக்கு ஆர்வி என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. மூன்று கேள்விதான் கேட்டார். என்-எண், அதாவது விமானத்தின் பதிவு எண், இருக்கிறதா? பறக்கும் தகுதிச் சான்று இருக்கிறதா? முதல் கட்டச் சோதனைப் பறப்பு முடிந்ததா? மூன்றுக்கும் இல்லை. "முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள், சந்தோஷமாகத் தருகிறோம்" என்றார்.

முதலில் கோபம்தான் வந்தது. பறக்கிற நிலைக்கு வந்துவிட்டால் எனக்கு எதற்குக் கடன்? ஆறப்போட்டு யோசித்தபோது அவர் பக்கம் நியாயம் புரிந்தது. கடன் கொடுப்பவர் விமானத்தை ஈடாக எடுக்கிறார் என்றால், ஓக்லஹோமா சிட்டியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ வைத்திருக்கும் விமானப் பதிவகத்தில் அந்த விமானத்தின் பேரில் தன் அடமானத்தைப் பதிவு செய்கிறார் என்று பொருள். என் கராஜில் இருந்தது விமானம் இல்லை. தகரமும் திருகாணியும். நான் தவணை கட்டாமல் போனால் பாதி கட்டிய உடலைத் தூக்கிப்போய் யாரிடம் விற்பார்கள்?

என் நண்பர் ஒருவர் அதே வருடம் தொழிற்சாலையில் கட்டி முடித்த லைட் ஸ்போர்ட் விமானம் ஒன்றை வாங்கினார். 2004-இல் வந்த விதிப்படியான வகை, அப்போதைய வரம்புகள்: 1,320 பவுண்டு எடை, இரண்டு இருக்கை, மடங்காத சக்கரம். முதல் நாளிலிருந்தே விற்பனைப் பத்திரம், என்-எண், பறக்கும் தகுதிச் சான்று எல்லாம் கையில். அவர் கடன் இரண்டு வாரத்தில் முடிந்தது. என்னைவிட அவருக்கு வட்டியும் குறைவு. எங்கள் இரண்டு பேருக்கும் சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆக, கட்டும் வரைக்கும் ஒரு பணம், கட்டிய பிறகு வேறு பணம் என்று பிரித்துக்கொண்டேன். உடலுக்கும் ஃபினிஷ் கிட்டுக்கும் 24,000. அதில் 9,000 சேமிப்பு. மீதி 15,000 ஒரு கிரெடிட் யூனியனில் (கூட்டுறவு வங்கி மாதிரி) ஈடில்லாத தனிநபர் கடன், ஐந்து வருடத் தவணை. எதற்கு என்று கேட்டார்கள், "பொழுதுபோக்கு" என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

பெரிய செலவு இனிமேல்தான். எஞ்சினும் புரொபெல்லரும் 45,000, கருவிகள் 20,000, பெயின்டுக்கும் சில்லறைக்கும் 5,000. இந்த 70,000-க்கு வீட்டு மதிப்பின் மேல் எடுக்கும் கடன், அதாவது ஹோம் ஈக்விட்டி லைன், ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது. மனைவியிடம் சொன்னேன். "வீடு உங்க ஒருத்தர் பேர்ல இல்லை, தெரியும்ல?" என்றாள். அன்று அவ்வளவுதான் பேச்சு. ஒரு வாரம் கழித்து அவளே நிபந்தனைகளோடு வந்தாள். 70,000-க்கு மேல் ஒரு டாலர் எடுக்கக் கூடாது. விமானம் பறந்ததும் கடனை வீட்டின் மேலிருந்து இறக்கிவிட வேண்டும். என் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை அவள் கண்ணெதிரே படித்துக் காட்ட வேண்டும். மூன்றாவதுதான் புத்திசாலித்தனம். படித்துப் பார்த்தால், சொந்தமாக விமானம் ஓட்டி இறந்தால் பணம் கிடையாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி. கூடுதல் பிரீமியம் கட்டி அதை நீக்கிய பிறகே கையெழுத்துப் போட்டாள்.

2022 ஜனவரியில் அந்த லைனைத் திறந்தோம். வட்டி, வங்கிகள் அடிப்படையாக வைக்கும் பிரைம் ரேட்டுக்கு மேல் அரை சதவீதம். அன்றைக்குப் பிரைம் 3.25, ஆக எனக்கு 3.75. இதைவிட மலிவாகப் பணம் எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். மார்ச் மாதம் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்தத் தொடங்கியது. 2023 ஜூலையில் பிரைம் 8.5. என் வட்டி 9. முழு 70,000-க்கும் கணக்குப் போட்டால் மாதம் 219 டாலராக இருந்திருக்க வேண்டிய வட்டி 525 ஆகிவிட்டது, அதுவும் வெறும் வட்டி மட்டும். நான் ரிவெட் அடித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு மாதமும் அது மீட்டர் மாதிரி ஓடியது. அவசரப்பட்டால் வேலை கெடும், நிதானமாகச் செய்தால் வட்டி ஏறும். இந்த வட்டிக்கு வரிச்சலுகையும் கிடையாது. 2018-லிருந்து, அந்தப் பணத்தில் வீட்டை வாங்கினாலோ கட்டினாலோ மேம்படுத்தினாலோதான் சலுகை. கராஜுக்குள் விமானம் கட்டுவது வீட்டு மேம்பாட்டில் சேராதாம், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில் தப்பித்தேன். கடன் லைன் திறந்திருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டவில்லை. ஒன்று வந்து சேர்ந்த பிறகே அடுத்தது. 2023 டிசம்பரில் வேன்ஸ் நிறுவனம் சாப்டர் 11 திவால் பாதுகாப்புக் கேட்டபோது என் பெட்டிகள் எல்லாம் கராஜுக்கு வந்துவிட்டிருந்தன. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் கூடுதல் விலைக்குப் புது ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. அடுத்த வருடமே நிறுவனம் அதிலிருந்து மீண்டு வந்தது. ஆனாலும் வட்டிக்கு வாங்கிய பணத்தை முன்பணமாக யாரிடமும் நீண்ட நாள் விட்டுவைக்காதீர்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

2024-இல் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கைத்தாள் விவகாரம் வெடித்தது. நாமே கட்டிய விமானத்தைப் பதிவு செய்ய, உரிமையாளர் நான்தான் என்ற உறுதிமொழிப் படிவம் (எண் 8050-88) வேண்டும்; கிட்டிலிருந்து கட்டியிருந்தால் கிட் நிறுவனத்தின் விற்பனைப் பத்திரமும் வேண்டும். நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்பார்களே, அதேதான். என் கிட் எண் இன்னும் முதன்முதலில் வாங்கியவர் பெயரிலேயே இருந்தது. அவர் விற்றது வேறொருவருக்கு. அந்த வேறொருவர்தான் எனக்கு விற்றவர். எனக்கு விற்றவர் அதற்குள் வேறு மாநிலம் போய்விட்டார். தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினேன். முதலாமவர் எழுபது தாண்டியவர், கையெழுத்தோடு தான் வால் கட்டிய காலத்துப் புகைப்படங்களையும் குறிப்பேட்டையும் சேர்த்து அனுப்பிவைத்தார். அது தெய்வாதீனம். கட்டுமான வேலையில் பெரும்பகுதியை, அதாவது 51 சதவீதத்தை, கூலி வாங்காத ஆர்வலர்கள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு முன்னால் செய்தவர்களின் வேலையும் அதில் சேரும், ஆனால் நிரூபிக்க வேண்டும். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் ஆய்வாளர் முன்னால் திணறியிருப்பேன். இந்தக் கையெழுத்துகளுக்காக நான்கு மாதம் போனது. அந்த நான்கு மாதமும் மீட்டர் ஓடியது. பதிவுக் கட்டணம் வெறும் 5 டாலர்.

ஆய்வு முடிந்தது, சான்று வந்தது, முதல் பறப்பும் ஆயிற்று. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடன் கதை நின்றுவிடும். எஞ்சினும் புரொபெல்லரும் சான்று பெற்ற ஜோடி என்பதால் முதல் கட்டச் சோதனை 25 மணி நேரம். இல்லையென்றால் 40 ஆகியிருக்கும். அதுவரை பயணி யாரையும் ஏற்றிக்கொள்ளக் கூடாது, குறித்துக் கொடுத்த எல்லைக்கு வெளியே போகக் கூடாது. மழையும் காற்றும் போக, முடிக்க ஐந்து மாதம்.

முடிந்த அன்றே விமானக் கடன் நிறுவனத்துப் பெண்மணியைக் கூப்பிட்டேன். இந்த முறை அவருடைய மூன்று கேள்விக்கும் ஆம். பிறகு பட்டியல் வந்தது: இரண்டு வருட வருமான வரிக் கணக்கு, சொத்து-கடன் விவரம், குறிப்பேடுகளின் ஒவ்வொரு பக்கத்தின் படம், எடை-சமநிலைத் தாள், என்னைச் சாராத மெக்கானிக் ஒருவரின் ஆய்வு, மதிப்பீடு. ஓக்லஹோமா சிட்டியில் வில்லங்கம் பார்க்க ஒரு கம்பெனி. என் விமானத்துக்கு வயது ஒன்றுகூட ஆகவில்லை, அதற்கு என்ன வில்லங்கம் என்று நினைத்தேன். ஆனாலும் பார்த்தார்கள், பணமும் வாங்கினார்கள்.

மதிப்பீடு 92,000. நான் போட்டது ஒரு லட்சத்துக்கும் மேல், அதோடு 1,900 மணி நேர உழைப்பு. உழைப்புக்கு மதிப்பீட்டாளர் தாளில் கட்டமே இல்லை. ரிவெட் வரிசை நேராக இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தார், அதுவே போதும் என்று தேற்றிக்கொண்டேன். மதிப்பில் 80 சதவீதம் வரை கொடுப்பார்கள், எனக்கு மிச்சமிருந்த 68,000 அதற்குள் அடங்கியது.

கடைசி முட்டுக்கட்டை இன்ஷூரன்ஸ். சேதமானால் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போக வேண்டும் என்பது சரி. நான் ஏதாவது விதியை மீறி, என் பக்கம் காப்பீடு செல்லாமல் போனாலும் அவர்களுடைய பங்கு செல்ல வேண்டும் என்று தனி இணைப்பு ஒன்றையும் கேட்டார்கள். முதல் காப்பீட்டு நிறுவனம் அதைத் தரவில்லை. இரண்டாவது தந்தது, பிரீமியம் கூடியது. கட்டும்போதே இதைக் கேட்டு வைத்திருக்கலாம்.

15 வருடம், மாறாத வட்டி 8.4 சதவீதம், மாதம் 666 டாலர். அந்தச் சமயத்தில் வீட்டு லைனின் வட்டி 8-க்கு இறங்கியிருந்தது, வெறும் வட்டியாகக் கட்டினால் 453 தான். கணக்குத் தெரிந்த ஒரு நண்பர் "குறைந்த வட்டியை விட்டுட்டு அதிக வட்டிக்கு ஏன் போறீங்க?" என்றார். அவர் கணக்கில் என் மனைவியின் இரண்டாவது நிபந்தனை இல்லை. வேலை போனால் போகப்போவது விமானமாக இருக்கட்டும் என்பது எனக்கும் சரியாகவே பட்டது.

2025 அக்டோபர் 22 முதல் புது விதிப்படி, ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகம், ஃபிளாப் என்ற இறக்கைத் தகட்டை இறக்காத நிலையில் 59 நாட் (மணிக்கு 59 கடல் மைல்) வரை உள்ள விமானங்களை எளிய வகையான ஸ்போர்ட் பைலட் உரிமத்தோடே ஓட்டலாம். ஆர்வி-9ஏ அதற்குள் வந்துவிடுகிறது. இனி இந்த வகைக்குக் கடன் கேட்டு வருபவர்கள் கூடுவார்கள் என்று அந்தப் பெண்மணி சொன்னார்.

வீட்டு லைன் தீர்ந்ததற்கான கடிதமும், விமானத்தின் மேல் அடமானம் பதிவான கடிதமும் ஒரே வாரத்தில் வந்தன. முதலாவதை மனைவி வீட்டுப் பத்திரக் கோப்பில் வைத்துப் பூட்டினாள். இரண்டாவதை என்னிடம் நீட்டி, "இது உங்க கராஜ்ல" என்றாள்.