பக்கத்தில் உட்காருங்கள், பென்சிலை வாங்காதீர்கள்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யாராவது கேட்டால், கொஞ்சம் குறைவாகச் சொல்லிக்கொடுங்கள் என்பதுதான் என் முதல் பதில். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பள்ளியில் பெரும்பாலான நேரம் யாரோ சொல்ல இவர்கள் கேட்கிறார்கள். வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் இருக்கும்போது, ஒரு பிள்ளை தனக்குப் புரிந்ததைத் தன் வாயால் விளக்க எவ்வளவு நேரம் கிடைத்துவிடும்? அதற்கு நேரம் இருக்கிற இடம் வீடுதான். அங்கேயும் நாமே பேசிக்கொண்டிருந்தால் என்ன செய்வது.

ஒரு சின்னக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும், பிள்ளை 35 என்று எழுதியிருக்கிறது. "கவனமே இல்லை, அழிச்சிட்டு மறுபடி போடு" என்று ஆரம்பிக்காமல், "இதை எப்படிப் போட்டே, சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள். 5-ல் 2 போனால் 3, 7-ல் 2 போனால் 5 என்று பதில் வரும். அதாவது எது மேலே, எது கீழே என்று பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. தானாக ஒரு விதியை உண்டாக்கி அதை ஒழுங்காகவும் பின்பற்றியிருக்கிறது, விதிதான் தப்பு. இந்த நிலையில் இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் தப்பான விதிக்கு இருபது முறை பயிற்சி கொடுத்ததாகிவிடும். அதைவிட, பத்துப் பத்துக் குச்சிகளாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டு, தனியாக இரண்டு குச்சி என்று முன்னால் வைத்து, "இதிலிருந்து 27 எடு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். கையில் இருக்கும் இரண்டு குச்சியில் ஏழு குச்சி எடுக்க முடியாமல் ஒரு கட்டைப் பிரிக்கிறார்கள் பாருங்கள், 'கடன் வாங்குவது' என்று பள்ளியில் சொன்னது அப்போதுதான் புரியும்.

இந்த 'எப்படிப் போட்டே' கேள்வியைச் சரியான விடைக்கும் கேட்க வேண்டும். தப்புக்கு மட்டும் கேட்டால் பிள்ளைகள் உஷாராகிவிடுவார்கள், நாம் வாயைத் திறந்ததுமே அழிரப்பரைத் தேட ஆரம்பிப்பார்கள். அப்படிக் கேட்டுக்கொண்டே போனால் இன்னொரு விஷயமும் வெளியே வரும். 8 + 4 = ☐ + 5 என்று எழுதிக்கொடுத்தால் கட்டத்தில் 12 என்று போடும் பிள்ளைகள் நிறைய. அவர்களைப் பொறுத்தவரை சமக்குறி என்றால் 'விடையை இங்கே எழுது' என்பதுதான், இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பது மனதில் விழவில்லை. 12 = 8 + 4 என்று திருப்பி எழுதிக்காட்டினால் சிலர் 'இது தப்பு' என்றே சொல்லிவிடுவார்கள்! பின்னால் இயற்கணிதம் வரும்போது இடறுவது இந்தக் கல்லில்தான், அதைச் சின்ன வயதிலேயே எடுத்துப் போட்டுவிடலாம்.

கணக்கைப் பற்றிப் பேசும்போது பெரியவர்களைப் பற்றியும் பேச வேண்டும். "எனக்கும் கணக்குன்னா ஆகாது, உனக்கு எப்படி வரும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வது பல வீடுகளில் சகஜம். 2015-ல் அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து வந்த ஓர் ஆய்வில், கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் வீட்டுப்பாடத்துக்கு அடிக்கடி உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டு கணக்குக் கற்றதும் குறைவாக இருந்தது, அவர்களுக்கும் பயம் கூடியிருந்தது. அதே பயம் உள்ள பெற்றோர் அதிகம் உதவாத வீடுகளில் அப்படி ஆகவில்லை. ஆகவே உங்களுக்குக் கணக்கு பதற்றம் என்றால் அந்த வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது விடுங்கள், தப்பே இல்லை. நீங்கள் தாயக்கட்டையை உருட்டி, எண் போட்ட கட்டங்களில் காய் நகர்த்தும் ஆட்டம் ஆடுங்கள். எண்களின் வரிசையும் அளவும் பிடிபட அது நன்றாகவே உதவும், யாருக்கும் வியர்க்காது.

வாசிப்பில் பொறுமைதான் பெரிய சோதனை. பிள்ளை ஒரு சொல்லில் சிக்கி நின்றதும் நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுச் சொன்னால் போதும், பாதி நேரம் தேவையே இருக்காது. தமிழில் 'கெ', 'கொ' போன்ற எழுத்துகளில் தடுமாறுவது சோம்பேறித்தனமும் இல்லை: ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது, 'கொ'வில் துணைக்காலையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரியான ஒலி கிடைக்கிறது. கண்ணுக்கு அது நிஜமாகவே கூடுதல் வேலை. ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், சரளம் அப்படித்தான் வருகிறது. அப்புறம், பிள்ளை தானே வாசிக்க ஆரம்பித்தவுடன் நாம் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடக் கூடாது. இந்த வயதில் கண்ணால் வாசித்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது நிறைய. பெரிய வாக்கியமும் புதுச் சொல்லும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன.

எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், பிள்ளை வாசிப்பதைக் கேட்க அவர்களைவிட நல்ல ஆள் கிடைக்காது என்பேன். அவர்கள் திருத்த மாட்டார்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார்கள்.

வீடுகளில் அதிகம் கேட்கும் ஒரு வாக்கியம் "இன்னொரு தடவை படி". 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்தபோது படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் இதையே செய்யலாம்: புத்தகத்தை மூடிவிட்டு "என்ன நினைவிருக்கு, சொல்லு", விட்டுப்போனதைத் திறந்து பார், மறுநாள் திரும்ப ஒரு முறை, சில நாள் கழித்து இன்னொரு முறை. ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, அதே நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துப் பல நாளில் செய்தால் நன்றாக நிற்கும்.

"இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்தது?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்றுதான் வரும். யாரை டீச்சர் கரும்பலகைக்குக் கூப்பிட்டார், எது குழப்பமாக இருந்தது என்று குறிப்பாகக் கேளுங்கள்.

வீட்டுப்பாடத்தைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் கறாரானது. ஹாரிஸ் கூப்பர் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனமாக இருந்தது. வகுப்புக்குப் பத்து நிமிடம் (மூன்றாம் வகுப்பு என்றால் முப்பது) என்ற கணக்கைப் பலரும் சொல்கிறார்கள். அதைத் தாண்டி இரவில் அழுகையோடு ஒரு பக்கத்தை முடிக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 6 முதல் 12 வயதுள்ளவர்களுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பக்கம் முடியாவிட்டால், இவ்வளவு நேரம் உட்கார்ந்தது, இங்கே நின்றுவிட்டது என்று நோட்டில் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பிள்ளைக்குப் பதிலாக நாம் போட்டுக்கொடுத்தால் அந்தத் தகவல் ஆசிரியருக்குப் போகவே போகாது.

பாராட்டும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். ம்யூலர், ட்வெக் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று கேட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் அடுத்து நன்றாகச் செய்துகாட்ட முடிகிற வேலையையே கேட்டார்கள், முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்கள் புதிதாகக் கற்கக்கூடிய கடினமானதைக் கேட்டார்கள். "படம் போட்டுப் பார்த்தே, அதான் வழி கிடைச்சது" என்று செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுவது நல்லது.

இதையெல்லாம் செய்தும் சில மாதங்களாக அதே இடத்தில் நிற்கிறது என்றால் டியூஷன் தேடுவதற்கு முன் கண்ணைக் காட்டுங்கள், காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடிப்பது, பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது எல்லாம் கவனிக்க வேண்டியவை. அதிலும் குறை இல்லை, இரண்டாம் வகுப்பு முடியும் நேரத்திலும் எழுத்துக் கூட்டியே வாசிக்கிறது என்றால் ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது "சரியா படிக்கலை" என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்த எழுத்தில் நிற்கிறது, எந்தக் கணக்கை எப்படிப் போடுகிறது என்று நீங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதை அந்த நோட்டோடு கொண்டுபோங்கள்.